டான்ஸ் பேட் வாங்குவதற்கு முன் இடது, வலது இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்

மகளோடு சேர்ந்து ஆடலாம் என்று ஆசையாக வாங்கிய டான்ஸ் பேட் (திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடும் பாய்), இப்போது அலமாரி மேல் சுருட்டிக் கிடக்கிறது. "எல்லா நடன ஆட்டங்களுக்கும் பொருந்தும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் தெரியவில்லை. ஒற்றை அம்புகள் எல்லாம் ஒழுங்காகப் பதிவாயின. மூன்றாம் நாள் ஸ்டெப்மேனியா என்ற கணினி நடன ஆட்டத்தில் கொஞ்சம் கடினமான பாட்டுக்குப் போனோம். இடது, வலது அம்புகள் ஒன்றாக வரும், இரண்டு கால்களாலும் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டிய ஜம்ப். குதித்தாள், மிஸ். மறுபடி குதித்தாள், மறுபடியும் மிஸ். "நான் சரியாத்தாம்ப்பா மிதிச்சேன்" என்று முகம் வாடி நின்றாள். "இன்னும் அழுத்தி மிதி கண்ணு" என்று அவளுக்கே பாடம் சொன்னேன். தப்பு அவளுடையது இல்லை என்று தெரிய ஒரு வாரம் ஆகிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உள்ளே இருக்கும், மிதிப்பதை உணரும் மின்தாள் மடிந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். மெத்தென்ற பாய்களில் அது சகஜம். ஆனால் அப்படி மடிந்திருந்தால் ஒற்றை அம்பும் தடுமாறுமே?

கணினியில் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்து, தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். இடதை அழுத்தினால் கட்டத்துக்குள் இருக்கும் கூட்டல் குறி இடப்பக்கம் ஓடுகிறது. கையை எடுக்காமல் வலதையும் அழுத்தினால் நடுவில் வந்து நின்றுவிடுகிறது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. அம்புகளை ஜாய்ஸ்டிக்கின் திசைகளாக அமைத்திருக்கிறார்கள். ஒரு ஜாய்ஸ்டிக்கை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியுமா? மேலும் கீழும் சேர்த்து அழுத்தினாலும் இதே கதைதான். நான்கு அம்புகளும் நான்கு தனித்தனி பட்டன்களாக இருக்க வேண்டும். பேடிலிருந்தே இரண்டு அழுத்தங்களும் வராதபோது ஆட்டத்தின் அமைப்பை மாற்றி என்ன பயன்? 1998-இல் கொனாமி நிறுவனத்தின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஆட்டம் வந்த நாளிலிருந்தே இரட்டை அம்பு இந்த வகை ஆட்டத்தில் உண்டு. அது வேலை செய்யாத ஒன்றை டான்ஸ் பேட் என்று விற்பது ஏமாற்றுதான்.

விற்றவருக்கு எழுதினேன். "டிரைவரை மாற்றுங்கள்" என்றார். மாற்றினேன். மூன்று நாள் கழித்து, "வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள்" என்றார். அதையும் செய்தேன். பிறகு வீடியோ கேட்டார், அனுப்பினேன். அப்புறம் ஒரு வாரம் பதிலே இல்லை. கடைசியில் வந்தது ஒரே வரி: திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. அதனால் குறை தெரிந்த அன்றே திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிடுங்கள். அவர் சொல்லும் சோதனைகளை அதற்குப் பிறகு செய்துகொள்ளலாம்.

பழைய பிளேஸ்டேஷன் பேடை அடாப்டர் வைத்துக் கணினியில் இணைப்பவர்களும் கவனியுங்கள். பேட் நன்றாக இருந்தாலும் சில அடாப்டர்கள் இதே வேலையைச் செய்துவிடும்.

பணம் கட்டும் முன், இடதையும் வலதையும் சேர்த்து அழுத்தும்போது சோதனைத் திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு சிறு வீடியோ கேளுங்கள். அந்த இரண்டு பட்டன்களுக்கான எண்களும் திரையில் ஒன்றாக எரிய வேண்டும். இப்போது நான் பார்த்து வைத்திருக்கும் பேடுக்கு, கேட்ட அன்றே வீடியோ வந்தது. இரண்டும் எரிகின்றன. மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.