வார்டு நிமோனியா: செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோவுமா, லெவோ மட்டுமா?

வீட்டிலிருந்து நிமோனியாவோடு வந்து, ஐசியு தேவைப்படாமல் வார்டில் சேர்பவருக்கு இரண்டு ஆன்டிபயாடிக் வழிகள் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 முதல் 2 கிராம் நரம்பு வழியாக, கூடவே அசித்ரோமைசின் 500 மி.கி. இல்லையென்றால் லெவோஃப்ளாக்சாசின் 750 மி.கி. மட்டும், தினம் ஒரு வேளை. 2019 அமெரிக்க வழிகாட்டி இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. இந்திய வார்டில் அப்படி வைக்க முடியாது. காரணம் காசநோய்.

லெவோ காசநோய்க் கிருமியையும் அடிக்கும். மூன்று வாரமாக இருமுகிறவருக்கு அதைப் போட்டால் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், சளியில் கிருமி சிக்காமல் போகலாம். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். ஒற்றை மருந்தில் வளர்ந்த கிருமி அதற்கே எதிர்ப்பும் பெற்றுவிடலாம். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு நாம் நம்பியிருப்பதும் இதே மருந்துக் குடும்பத்தைத்தான். சந்தேகம் இருந்தால் சளியை சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்ய அனுப்பிவிட்டு, காத்திருக்காமல் செஃப்ட்ரியாக்சோனைத் தொடங்குங்கள்.

லெவோவுக்கு உரிய இடமும் உண்டு: பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள். மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படும். ஆனால் அதே வேளையில் வயிற்றுப்புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் சிரப்போ இரும்புச்சத்து மாத்திரையோ போனால் மருந்து குடலிலேயே கட்டுண்டுவிடும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 20–49 மி.லி. என்றால் 750 மி.கி. 48 மணிக்கு ஒருமுறைதான். நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். ஸ்டீராய்டு எடுக்கும் முதியவருக்குக் குதிகால் தசைநார் கிழியும் ஆபத்து. மகாதமனி வீக்கம் இருந்தால் தவிர்ப்பதே நல்லது.

கூட்டு மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் டிரிப் ஸ்டாண்டில். கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் ஓடும் குழாயிலேயே செஃப்ட்ரியாக்சோனை விட்டால் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். சலைன் விட்டு அலசிய பிறகே ஏற்ற வேண்டும். அசித்ரோவை ஊசியில் நேரடியாகத் தள்ளக்கூடாது, டிரிப்பாக ஏற்ற வேண்டும்: மி.லி.க்கு 2 மி.கி. அளவில் கரைத்தால் ஒரு மணி நேரம், 1 மி.கி. என்றால் மூன்று மணி நேரம்.

ஈசிஜியில் கியூடி (இதயத் துடிப்பின் மின் இடைவெளி) நீண்டிருந்தால் அசித்ரோவை விட்டு லெவோவுக்குத் தாவுவதில் பயனில்லை. இரண்டுமே அதை நீட்டும். செஃப்ட்ரியாக்சோனோடு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை போதும்.

ஐசியு நோயாளிக்கு லெவோ தனியாகக் கூடாது, பீட்டா-லாக்டம் (செஃப்ட்ரியாக்சோன் போன்றவை) கட்டாயம்.

எதைத் தொடங்கினாலும் 2019 வழிகாட்டிப்படி குறைந்தது 5 நாள். 72 மணி நேரத்தில் தேறவில்லையா? இன்னும் வீரியமான மெரோபெனம் எழுதும் முன் நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்துச் சீழ் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குக் குழாய் போட்டு வடிக்கத்தான் வேண்டும்.