எடுவார்ட் 1/48 மிக்-21: வாங்கும்முன் ‘எந்த 21’ என்று பாருங்கள்

இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானத்தை 1/48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்ட விரும்புகிறவர்களுக்குச் செக் குடியரசின் எடுவார்ட் நிறுவனம் 2011-இல் தொடங்கிய வரிசையைத் தயங்காமல் சொல்லலாம். பேனல் கோடுகள் மெலிதாக, ஒரே ஆழத்தில் ஓடுகின்றன. ரிவெட் வரிசைகள் உள்ளழுந்தியவை. சக்கரக் குழிக்குள் இருக்கும் சுவர்களும் சட்டங்களும் தனித்தனிப் பாகங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21-க்கு விடைகொடுத்ததிலிருந்து இதையே தங்கள் முதல் கிட்டாக (ஒட்டிக் கட்டும் பாகப் பெட்டி) வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீடு. கிட் நல்லது. தவறு பெரும்பாலும் வாங்குகிற இடத்தில் நடக்கிறது.

‘மிக்-21’ என்பது ஒரு விமானம் இல்லை, ஒரு குடும்பம். எடுவார்ட் வரிசையில் பிஎஃப், பிஎஃப்எம், எம்எஃப், எஸ்எம்டி, பிஸ் என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டு. இந்தியா பெரிய எண்ணிக்கையில் ஓட்டியவை மூன்று: டைப் 77 எனப்படும் எஃப்எல், டைப் 96 எனப்படும் எம், டைப் 75 எனப்படும் பிஸ். மூன்றும் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் நாசிக் ஆலையில் தயாரானவை. கடையில் கிடைத்த ஏதோ ஒரு பெட்டியை எடுத்து, மேலே காவி-வெள்ளை-பச்சை வட்டம் ஒட்டினால் அது இந்திய மிக்-21 ஆகாது.

அடையாளம் பிடிப்பது கடினமில்லை. முதலில் பிட்டோ குழாயை, அதாவது வேகம் அளக்க மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாயைப் பாருங்கள். எஃப்எல்-இல் அது மூக்கின் உச்சியில் நடுவில் இருக்கும். எம், எம்எஃப், பிஸ் மூன்றிலும் விமானிக்கு வலப்பக்கம் தள்ளி இருக்கும். அடுத்தது கேனப்பி, விமானி அறையின் கண்ணாடி மூடி. எஃப்எல்-இல் முன்கண்ணாடியோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் தூக்கித் திறக்கும். மற்றவற்றில் முன்கண்ணாடி அசையாது, கேனப்பி மட்டும் வலப்பக்கம் சாய்ந்து திறக்கும். மூன்றாவது, ஆயுதம் தொங்கவிடும் இறக்கைப் பைலான்: எஃப்எல்-க்கு இரண்டு, மற்றவற்றுக்கு நான்கு. முதுகையும் பாருங்கள். எஃப்எல்-இன் முதுகு ஒல்லி, எம்-இன் முதுகு பருமன், பிஸ்-இன் முதுகு இன்னும் உயர்ந்து வால் துடுப்பின் அடிவரை வழுவழுவென்று போகும். கடைசியாகத் துப்பாக்கி. எம், பிஸ் இரண்டிலும் இரட்டைக்குழல் ஜிஎஸ்எச்-23 உடலுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்எல்-க்கு உள்ளே துப்பாக்கி கிடையாது.

டைப் 96 கட்ட எம்எஃப் பெட்டி பொருந்தும். எம்-இல் ஆர்-11, எம்எஃப்-இல் ஆர்-13 என்பதுதான் முக்கிய வேறுபாடு. இயந்திரம் உடலுக்குள் மறைந்துவிடுவதால் மாதிரியில் அது பெரிதாகத் தெரியாது. கேனப்பி மேல் பின்பார்வைப் பெரிஸ்கோப் உண்டா இல்லையா என்பதை மட்டும் நீங்கள் கட்டப்போகும் குறிப்பிட்ட வால் எண்ணின் படத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். எஃப்எல் கட்டுவதற்குப் பிஎஃப் பெட்டியிலிருந்து தொடங்கலாம். ஆனால் எஃப்எல்-இன் வால் துடுப்பு அகலமானது, பிரேக் பாராசூட் அந்தத் துடுப்பின் அடியிலுள்ள உருளைக் கூட்டில் இருக்கும். தொடக்ககாலப் பிஎஃப்-இல் துடுப்பு குறுகல், பாராசூட் உடலின் அடியில். பெட்டிக்குள் எந்தத் துடுப்பு வருகிறது என்று பாகப் படத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். பைசன் ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 125 பிஸ் விமானங்கள் மேம்படுத்தப்பட்டுப் பைசனாக மாற்றப்பட்டன. அவற்றின் முன்கண்ணாடி சட்டமில்லாத ஒற்றை வளைவு. பிஸ் பெட்டியின் சட்டமிட்ட முன்கண்ணாடியை வைத்து அதைச் செய்ய முடியாது, தனி மாற்றுப் பாகம் தேவை.

எடுவார்டின் எளிய வீக்எண்ட் பதிப்பா, கூடுதல் பாகங்கள் கொண்ட ப்ரோஃபிபேக்கா என்ற கேள்வி அடுத்து வரும். பிளாஸ்டிக் இரண்டிலும் ஒரே தரம்தான். ப்ரோஃபிபேக்கில் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடுகளும் கேனப்பி மாஸ்க்கும் (கண்ணாடியில் வண்ணம் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்) சேர்ந்து வரும். முதல் முறை கட்டுகிறவருக்கு உலோகத் தகட்டை விட மாஸ்க்தான் அதிகம் பயன்படும். மிக்-21 கேனப்பிச் சட்டத்தை டேப் வெட்டி ஒட்டி நேராகக் கொண்டுவருவது பொறுமையைச் சோதிக்கும்.

காக்பிட் நிறம் சோவியத் விமானங்களுக்கே உரிய பச்சை கலந்த நீலம். கருவிப் பலகையின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அதை விட்டுவிடாதீர்கள். விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுத் தண்டை நடுவில் நிறுத்த விமானிக்கு அந்தக் கோடுதான் குறி. சக்கரங்களின் நடுவட்டு பச்சை, மூக்குக் கூம்பும் பச்சை.

உடலின் இரு பாதிகளை ஒட்டும்முன் மூக்கில் எடை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முடிந்த மாதிரி வாலில் உட்காரும். எத்தனை கிராம் என்று மனப்பாடம் செய்வதை விடச் சோதித்துப் பார்ப்பது மேல். உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, முதன்மைச் சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலை வைத்துத் தாங்குங்கள். மூக்கு கீழே சாயும்வரை எடை சேருங்கள், பிறகு கூடுதலாகச் சில கிராம். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் இதற்குப் போதும். மீன்பிடி ஈயக் குண்டும் ஆகும், ஆனால் அதை வெள்ளைப் பசையில் அமிழ்த்தி வைக்கக் கூடாது. பசையிலுள்ள அமிலத்தில் ஈயம் பூத்து, பருத்து, ஓரிரு ஆண்டுகளில் உடலையே பிளந்துவிடும். எபாக்ஸியில் பதித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இறக்கை ஒட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று: மிக்-21 இறக்கை தட்டையாக நிற்பதில்லை, 2 பாகை கீழ்நோக்கிச் சாயும். 1/48-இல் உடலுக்கு வெளியே தெரியும் இறக்கை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 61 மி.மீ. வரும், எனவே நுனி அடியை விடச் சுமார் 2 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அட்டையில் அந்தக் கோணத்துக்கு ஒரு தாங்கி வெட்டி, மெல்லிய திரவப் பசை இறுகும்வரை மாதிரியை அதன்மேல் விடுங்கள். மொத்த வீச்சு 149 மி.மீ. வரவேண்டும், மூல விமானத்தின் 7.15 மீட்டருக்கு அதுதான் கணக்கு.

இனி வண்ணம். இந்திய எஃப்எல்-இன் முகமே அதன் வெற்று உலோகப் பளபளப்புதான். வேலையில் பாதி இங்கேதான் போகும். உலோக வண்ணம் எதையும் மறைக்காது, ஒட்டு வரியில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கார் பெயின்ட் கடைகளில் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் கிடைக்கிறது. தண்ணீர் தொட்டு அந்த வரிசையில் தேய்த்து, அதன்மேல் பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சு, அது முழுக்கக் காய்ந்தபின் அலுமினிய நிற லாக்கர் (சீக்கிரம் காயும் வண்ணம்) மெல்லிய சுற்றுகளாக. வால் குழாய்ப் பக்கத்துப் பேனல்களை மட்டும் ஒரு படி கருக்கச் செய்தால் போதும். அதே கார் பெயின்ட் கடையின் தின்னரை மட்டும் வாங்காதீர்கள். அது பாலிஸ்டைரினைக் கரைத்து, பேனல் கோடுகளை வெடிக்கச் செய்யும். மாடல் வண்ணத்துக்கென விற்கும் தின்னரே வேண்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பமும் இதில் தலையிடும். தருமபுரியில் சித்திரை, வைகாசி மதியங்களில் ஏர்பிரஷிலிருந்து (வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) கிளம்பும் லாக்கர் பிளாஸ்டிக்கைத் தொடும்முன்பே காய்ந்து, மணல் தெளித்தது போல உட்காரும். காலை 8 மணிக்குள் அடியுங்கள், வண்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு கலங்கள், 15 பிஎஸ்ஐ அளவில் அழுத்தத்தை வைத்து முனையைக் கொஞ்சம் நெருக்கிப் பிடியுங்கள். ஓசூரில் சிக்கல் நேரெதிர். மழைக்கால ஈரக் காற்றில் லாக்கர் வெளுத்து மங்கும். தூறல் நாளில் உலோக வண்ணத்தைத் தொடாமல் காக்பிட் வேலையை எடுத்துக்கொள்வதே சரி.

டெகாலுக்கு, அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களுக்கு வருவோம். போர்வெல் தண்ணீரில் டெகாலை ஊறப்போட்டால் அலுமினியப் பரப்பில் வெள்ளை உப்புத் திட்டுகள் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் எத்தகையது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃப்ளூரைடு பாதிப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல கிட்களுக்கு வரும். இந்திய வட்டத்தில் வெளியே காவி, நடுவில் பச்சை. தனியாக வாங்கும் இந்திய டெகால் தாளில் வெள்ளை அடர்த்தியாக அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை மெலிந்திருந்தால் உலோகம் ஊடாகத் தெரிந்து காவி பழுப்பாகிவிடும்.

ஆயுதம் தேர்வதில் வரலாறு உதவும். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய 28-ஆம் ஸ்குவாட்ரன் விமானங்கள் 57 மி.மீ. ராக்கெட்டுகளோடு போனவை. எஃப்எல்-இல் இரண்டே இறக்கைப் பைலான்கள் என்பதால், பக்கத்துக்கு ஒன்றாக 16 ராக்கெட் கொண்ட யுபி-16 கூடு இரண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு கட்ச் வளைகுடாப் பக்கம் பாகிஸ்தானின் எஃப்-104 ஒன்றை வீழ்த்தியதும் 47-ஆம் ஸ்குவாட்ரனின் எஃப்எல்தான். இறக்கையில் கே-13 ஏவுகணை மாட்டினால் அடிவயிற்றில் 200 குண்டு கொண்ட ஜிபி-9 துப்பாக்கிக் கூட்டை மாட்டலாம். அப்போது நடு ட்ராப் டேங்க்கை (கழற்றிவிடும் எரிபொருள் தொட்டி) மாட்டக் கூடாது, இரண்டுக்கும் இடம் ஒன்றே. பெட்டியில் ஏவுகணைகள் தாராளமாக வருவதால் எல்லாவற்றையும் தொங்கவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இந்தியா வேண்டாம் என்பவர்களுக்குப் பிஸ் பெட்டியில் பின்லாந்து நல்ல தேர்வு. இந்தியாவைப் போலவே வார்சா ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்துகொண்டு 1963-இலேயே மிக்-21 வாங்கிய நாடு அது. பிஸ் விமானங்களை 1998 வரை ஓட்டியது. எம்எஃப்-க்கு எகிப்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் உண்டு. இவற்றுக்கு உருமறைப்பு வண்ணம் பூசுவதால், உலோகப் பூச்சுக்குத் தேவையான அளவு தேய்ப்பு வேலை இருக்காது. முதல் கிட்டுக்கு அந்த வழி எளிது.

கட்டும்முன் அசலைப் பார்த்துவிட வேண்டும் என்றால் பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் மிக்-21 ஒன்று நிற்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ. சக்கரக் குழி, காற்று நுழைவாய் வளையம், வால் குழாயின் உட்புறம் இந்த மூன்றையும் கைபேசியில் நெருக்கமாக எடுத்து வாருங்கள். பெட்டியில் வரும் வழிகாட்டிப் படத்தில் அந்த இடங்களின் அழுக்கும் நிறமாற்றமும் தெரியாது.

விலை பற்றி ஒன்று. வெளிநாட்டுக் கடையில் போட்டிருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2023 பட்ஜெட்டில் பொம்மைகளின் அடிப்படைச் சுங்கம் 60 சதவீதத்திலிருந்து 70 ஆனது. அளவு மாதிரிகளும் சுங்கப் பட்டியலின் அதே 9503 தலைப்பில்தான் வருகின்றன, மேலே ஜிஎஸ்டி. ஆர்டர் போடும் நாளின் விகிதத்தைப் பார்த்துவிட்டு, பெங்களூருக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரில் போய் வாங்குவதில் ஒரு லாபமும் உண்டு: பெட்டியைத் திறந்து வால் துடுப்பையும் கேனப்பியையும் கண்ணால் பார்த்துவிடலாம். திரும்பும்போது பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உடல் பாதிகளும் மெல்லிய இறக்கைப் பாகங்களும் வளைந்தால் ஒட்டும் இடத்தில் இடைவெளி விழும், எவ்வளவு புட்டி பூசினாலும் உலோக வண்ணத்தின் அடியில் அது தெரியும்.