பெயர்ப் பதிவை அனுமதிப்பத்திரம் என்று நம்பி 285,000 ரூபாய் கொடுத்தேன்

யாழ்ப்பாணத்தில் முதலீட்டு முகாமைத்துவத் தொழில் தொடங்க நினைப்பவர்கள், அதிலும் வெளிநாட்டுச் சொந்தங்களின் காசை வாங்கிப் பங்குகளில் போட்டுப் பார்த்துக் கொடுக்கலாம் என்று எண்ணுபவர்கள், யாருக்கும் ‘பதிவுச் செலவு’ கொடுக்க முன்னர் இதை வாசியுங்கள்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் 22 வருடம் கணக்கு எழுதியவன் நான். ஐந்து ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணிவரை இருந்து தேடிப் பிடித்த பிறகே வீட்டுக்குப் போவேன். அப்படிப்பட்டவன் வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைத்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு, கனடாவில் இருக்கும் மைத்துனர்தான் முதலில் கேட்டார்: “அத்தான், என்னுடைய காசையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.” அதையே முறையான தொழிலாகச் செய்வோம் என்று நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் நகரில் ஒரு ‘தொழில் ஆலோசகரிடம்’ போனேன். குளிரூட்டிய அறை, சுவர் நிறையச் சட்டமிட்ட பத்திரங்கள். “அண்ணை, ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். கொழும்பு வேலை முழுக்க என்னுடைய பொறுப்பு. மூன்று மாதத்தில் பலகை மாட்டலாம்” என்றார். மூன்று தவணையாகக் கொடுத்தேன். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுக்கு மட்டும் நானே போனேன்.

ஆறாவது வாரம் ஒரு பத்திரம் வந்தது. அரச முத்திரை, கையொப்பம், பதிவு இலக்கம், நடுவில் நான் தெரிந்தெடுத்த பெயர், அதன் வாலில் ‘முதலீட்டு முகாமைத்துவம்’. கண்ணாடி போட்டு மாட்டினேன். பெயர்ப்பலகைக்கும் முற்பணம் கொடுத்தாயிற்று. தூசி தட்டப் போன மனைவிதான் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார்: “இதென்ன, நீங்கள் போட்டோக் கொப்பிக் கடையா போடப் போகிறீர்கள்?”

வியாபாரத்தின் இயல்பு என்ற இடத்தில் ‘நிழற்பிரதி, எழுதுகருவி விற்பனை, ஆலோசனைச் சேவை’ என்று இருந்தது. முன்னர் வந்த வேறு யாரோ ஒருவருக்கு நிரப்பியதை அப்படியே எனக்கும் இறக்கியிருக்கிறார்கள். அது பிரதேச செயலகத்தில் செய்யும் சாதாரண வியாபாரப் பெயர்ப் பதிவு. நானே காலையில் போய் வரிசையில் நின்றிருந்தால் முடிந்திருக்கும். அரசுக்குப் போன கட்டணம் நான் கொடுத்ததில் ஒரு மூலைக்குக் காணாது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர்ப் பதிவு என்பது இந்தப் பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். அடுத்த படி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியைக் கூட்டிணைப்பது. அதுவும் கம்பனிதான், அனுமதி அல்ல. பிறருடைய காசைப் பிணையங்களில் (பங்குகள், கடன் பத்திரங்கள் போன்றவற்றில்) முதலிட்டு முகாமை செய்வதற்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. மூலதனம் எவ்வளவு, பொறுப்பில் இருப்பவர்களின் தகைமை என்ன, பின்னணி என்ன என்று அவர்கள் துருவிப் பார்ப்பார்கள். தனியாளாக வீட்டு முன்விறாந்தையில் மேசை போட்டுச் செய்யும் காரியம் இது அல்ல என்பதை எனக்கு முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருப்பேன்.

திரும்பப் போய்க் கேட்டேன். ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போய்விட்டது என்று பிரதி ஒன்றை நீட்டினார். தலைப்பிலேயே ‘1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம்’ என்று இருந்தது. ஆணைக்குழுவின் அந்தப் பழைய சட்டம் நீக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுப்பியதற்கு அத்தாட்சி கேட்டதும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டு ஒன்று வந்தது. மை மங்கியிருந்தாலும் ‘கொழும்பு 10’ என்பது தெரிந்தது. கொழும்பு 10இல் இருப்பது கம்பனிப் பதிவாளர் திணைக்களம். ஆணைக்குழு இருப்பது கொழும்பு 01இல், உலக வர்த்தக மையத்தில். அந்த உறைக்குள் என்ன போனதோ, யாருக்குப் போனதோ.

காசு போனதை விட என்னைப் பதறவைப்பது இன்னொன்று. “பத்திரம் வந்துவிட்டதே அண்ணை, இனிக் காசை வாங்கத் தொடங்கலாம். மாதம் இவ்வளவு வீதம் தருவேன் என்று எழுதிக் கொடுத்தால் ஆட்கள் தாங்களாக வருவார்கள்” என்று அவர் சொல்லியிருந்தார். திருப்பித் தருவதாகவும் வட்டி தருவதாகவும் சொல்லிப் பொதுமக்களிடம் காசு வாங்குவது வைப்பு ஏற்பது. மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் அதைச் செய்வது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி குற்றம். மைத்துனர் அனுப்பவிருந்த பணம் ஏதோ வங்கிப் படிவச் சிக்கலில் இரண்டு வாரம் தாமதமானது. அந்தச் சிக்கலுக்கு நல்லூரானுக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். இல்லையென்றால் சொந்தங்களுக்கு முன்னால் கள்ளனாக நின்றிருப்பது நான்தான், அவர் இல்லை.

அனுமதி பெற்றவர்கள் யார் என்பதை ஆணைக்குழு தன் இணையத்தளத்திலேயே போட்டிருக்கிறது. பார்க்கக் காசு தேவையில்லை. காசு கொடுப்பவரும் பார்க்கலாம், தொழில் தொடங்குபவரும் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். ஆலோசகர் அமைதியாக என் பற்றுச்சீட்டுகளையே எடுத்துக் காட்டினார். மூன்றிலும் ‘பதிவுச் செலவு’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. பதிவு நடந்திருக்கிறதுதானே என்கிறார். எந்த அனுமதிக்கு, எந்த நிறுவனத்திடம், எந்தத் திகதிக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார் என்று ஒரு வரி இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பேச்சு வாய்த்திருக்காது. பலமுறை அலைந்து 60,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு ‘அடுத்த கிழமை’.

போன கிழமை அந்த வழியால் போனபோது, மடியில் கோப்புடன் ஒரு பொடியன் அங்கே காத்திருந்தான். கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டானோ தெரியாது. அன்றே ஆணைக்குழுவுக்கு நடந்ததை எழுதிப் பிரதான தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். இம்முறை பற்றுச்சீட்டில் கொழும்பு 01 என்று இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தேன்.