ஓப்பன்இஎம்எஸ்ஸில் செம்பைக் காட்டுவது எப்படி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்புகளில் மோட்டாரை வீட்டிலிருந்தே இயக்கும் கருவிகளுக்கு ஆன்டெனா வடிவமைப்பது என் வேலை. உரிமம் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பிசிபியிலேயே (மின்சுற்றுப் பலகை) வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய செம்புத் தடம். மதுரை புதூரில் இருக்கும் எங்கள் சிறு பட்டறைக்கு விலையுயர்ந்த மென்பொருள் கட்டுப்படியாகாது என்பதால், சில ஆண்டுகளாக, மின்காந்த அலைகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் கட்டணமில்லாத ஓப்பன்இஎம்எஸ்தான். உலோகத்தை அது கையாளும் விதத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் திணறுவது அங்கேதான்.

செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு 5.8 கோடி சீமென்ஸ், தடிமன் 35 மைக்ரான். இரண்டையும் உள்ளபடியே கொடுத்து, உலோகத்துக்குள்ளும் கட்டம் போட்டால் (கணக்கிடுவதற்காக இடத்தைச் சிறு பெட்டிகளாகப் பிரித்தால்) துல்லியம் வந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 866 மெகாஹெர்ட்ஸில் செம்பின் ஸ்கின் டெப்த், அதாவது மின்னோட்டம் பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம், சுமார் 2.2 மைக்ரான். அதைப் பிடிக்க ஒரு மைக்ரான் கட்டமாவது வேண்டும். ஓப்பன்இஎம்எஸ் பின்பற்றுவது இடத்தையும் காலத்தையும் துண்டுகளாக்கிக் கணக்கிடும் எஃப்டிடிடி முறை. அதில் காலப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) நிர்ணயிப்பது இருப்பதிலேயே சிறிய கட்டம்; ஒரு மைக்ரானுக்கு அது 3 ஃபெம்டோ நொடி சொச்சம். ஒரே ஓர் அலைச்சுற்றுக்கு மூன்றரை லட்சம் படிகள்! சித்திரை வெயிலும் மின்வெட்டும் சேர்ந்த ஊரில் ஆகிற காரியமா இது?

ஓப்பன்இஎம்எஸ்ஸில் உலோகத்தைக் காட்ட இரண்டு கட்டளைகள் உதவும். 'ஆட்மெட்டல்' என்பது இழப்பே இல்லாத கற்பனை உலோகம். அகலமான பேட்ச் ஆன்டெனா (தட்டையான உலோகத் துண்டு) எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று பார்க்க அது தாராளமாகப் போதும். மோட்டார் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்கும் நான் அதையேதான் வைக்கிறேன். ஆனால் மெல்லிய நெளிதடத்தில் எவ்வளவு ஆற்றல் சூடாக வீணாகிறது என்று கேட்டால், செம்பின் பங்கு பூஜ்யம் என்றே அது சொல்லும். அதற்குத்தான் 'ஆட்கண்டக்டிங்ஷீட்'. தடத்தைத் தடிமனற்ற தகடாக வரைந்து, கடத்துதிறனையும் தடிமனையும் எண்களாகத் தர வேண்டும். உள்ளே கட்டம் போடாமலே இழப்பு கணக்கில் வந்துவிடும். தட்டையான வடிவங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது பெரிய குறை. தடங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி செம்பின் தடிமன் அளவுக்குக் குறுகினாலும் இதை நம்பக் கூடாது.

இப்படி மிச்சப்படும் கட்டங்களை விளிம்பில் செலவிடுங்கள். மின்னோட்டம் நெரிவது அங்கேதான். கட்டக்கோட்டைச் சரியாக விளிம்பின் மேலேயே வைத்தால் தடம் உண்மையைவிடச் சற்று அகலமானதுபோல் நடந்துகொள்ளும். பேட்ச் என்றால் அதிர்வெண் கீழே இறங்கித் தெரியும். கட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளும் இரு பங்கு வெளியிலும் விழும்படி கோடுகளை நகர்த்துவது ஓப்பன்இஎம்எஸ் பயன்படுத்துவோரிடம் பழைய வழக்கம். என் அனுபவத்தில், கட்டங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதைவிட இதனால் கிடைக்கும் பலன் அதிகம்.

செம்பின் அடிப்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். சொரசொரப்பால் கூடும் இழப்பைக் கணக்கிடும் ஹாமர்ஸ்டட் சூத்திரப்படி, மேடுபள்ளம் ஒரு மைக்ரான் என்றால் நம் அதிர்வெண்ணில் உலோக இழப்பு சுமார் 17 சதவீதம் கூடும். ஸ்கின் டெப்த்துக்குச் சமமானால் 60 சதவீதம். மேற்பரப்பு மின்தடை கடத்துதிறனின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவதால், 17 சதவீதத்துக்காகக் கடத்துதிறனைச் சுமார் 4.2 கோடியாகக் குறைத்துக் கொடுக்கிறேன். குறுகிய அலைவரிசைக்கு மட்டுமே செல்லுபடியாகும் தந்திரம் இது. செம்பின் மேல் போடும் நிக்கல்-தங்கப் பூச்சு இன்னொரு தலைவலி; நிக்கல் செம்பைவிட மோசமான கடத்தி. ஆன்டெனாத் தடத்தைப் பலகையின் பச்சைப் பூச்சால் (சோல்டர் மாஸ்க்) மூடிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வெளியே நீட்டி நிற்கும் கம்பி ஆன்டெனாவுக்கு இத்தனை பாடு தேவையில்லை. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் 1981ஆம் ஆண்டு நெக்-2 என்ற, கம்பி ஆன்டெனாக்களைக் கணக்கிடும் நிரலில் 'எல்டி 5' என்று ஒரு வரி எழுதினால் கம்பியின் கடத்துதிறனை ஏற்றுக்கொண்டு சட்டென்று விடை தருகிறது. கம்பியின் விட்டம் நடுவில் மாறினால் மட்டும் நெக்-2 சொல்வதை நான் ஏற்பதில்லை.