மஞ்சள் லயிட் அணைந்தால் போதுமா?

அக்கா வீட்டு மச்சான் என்னுடைய காரின் அதே மொடலில் ஒன்றை வாங்கப் பார்த்து வைத்திருக்கிறார். விலையும் இறங்கியிருக்கிறதாம். "எடுக்கலாமா?" என்று அவர் கேட்டது, நான் கண்டியில் ரிப்பேர் முடித்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்த அன்று மாலை. கோபத்தில் "எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து ஆறுதலாக எழுதுகிறேன்.

நாலு வருடமாக ஓட்டுகிறேன். அம்மா, பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு நாளும் திணறியதில்லை.

மே மாத மழையோடு டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லயிட் வந்தது. ஸ்கேன் பண்ணினால் பி0456 என்ற கோளாறுக் குறியீடு. பெற்றோல் ஆவி போகும் பாதையில் மிகச் சின்னக் கசிவு. அரை மில்லிமீற்றர் ஓட்டைக்கே இந்த லயிட் வரும். ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை, வாசமும் இல்லை. முதல் கராஜில் டேங்க் மூடியை மாற்றி, ஸ்கேனரால் லயிட்டை அழித்தார்கள். ஐந்து நாள் நிம்மதி, ஆறாம் நாள் மறுபடியும் லயிட்.

என்னை வாட்டியது அந்த ஐந்து நாள்தான். லயிட் அணைந்திருந்தது கசிவு போனதால் அல்ல, கார் இன்னும் சோதிக்காததால். கசிவு இருக்கிறதா என்று கார் எப்போதும் பார்ப்பதில்லை. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பியும் இருக்கக்கூடாது, காய்ந்தும் கிடக்கக்கூடாது, அப்புறம் கொஞ்ச தூரம் சீராக ஓட வேண்டும். வளைவுக்கு வளைவு கியர் மாறும் நம் ரோட்டில் சீராக எங்கே ஓடுவது? 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைகளில் நின்ற பயத்தில் டேங்கை வாய் வரை நிரப்புவது வேறு என் பழக்கம். அப்படி நிரப்பினால் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெற்றோலே இறங்கிவிடும். இப்போது பம்ப் ஒருமுறை 'டிக்' என்றதும் நிறுத்தச் சொல்கிறேன்.

இரண்டாவது கராஜில் எதையும் சோதிக்காமலே கரி டப்பாவை மாற்றச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே கண்டிக்குப் போனேன். ஸ்மோக் மெஷினால் ஆவிப் பாதைக்குள் புகை விட்டதும், பின் டயருக்கு மேலே, சேறு படியும் இடத்தில் நூல் மாதிரி புகை எழும்பியது. பெற்றோல் ஊற்றும் குழாயை ஒட்டிய ரப்பர் டியூப் ஒன்று அடிப்பக்கம் வெடித்திருந்தது. முதலில் மாற்றிய மூடியை விட அதன் விலை குறைவு.

மச்சான், என் பதில் இன்னமும் அதுதான்: எடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கும் தோட்டத்துச் சேற்று ரோட்டால்தான் போகவேண்டும். நான் என்னுடையதை விற்கப்போவதில்லை, அது வேறு விஷயம். எடுத்தே தீருவீர்கள் என்றால், முதலில் ஸ்கேனரில் ஆவிக் கசிவுச் சோதனை 'ரெடி', அதாவது கார் அதைச் செய்து முடித்துவிட்டது, என்று காட்டுகிறதா பாருங்கள். விற்பவர் நேற்றுத்தான் லயிட்டை அழித்திருந்தால் ரெடி வராது. பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.