பேரிங் மாற்றியும் அடங்காத ஆட்டம்: மலிவு டிஏ பாலிஷரோடு ஒரு குடித்தனம்

என்னிடம் இருப்பது கார் பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர், பேட் சுழன்றுகொண்டே குலுங்கும் ரகம். அதற்குப் பேரிங் மாற்றியாகிவிட்டது. கார்பன் பிரஷும் புதிது. ஆனாலும் ஒரு பானெட்டை முடித்துவிட்டுக் கையைப் பார்த்தால், விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போடக்கூடக் கொஞ்ச நேரம் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் இந்த எந்திரத்தை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போய்விடுவேன்.

பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே உடம்பில் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ரகம் இது. 8 மி.மீ. த்ரோ (பேட் குலுங்கும் வட்டத்தின் விட்டம்), பேடை ஒட்டும் 6 அங்குல பேக்கிங் பிளேட், வேகத்துக்கு 1 முதல் 6 வரை டயல். இந்த விலையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன.

முதலில் அதற்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். கறுப்பு பெயின்ட்டில், கழுவிக் கழுவி விழுந்த வட்டக் கீறல்கள் வெயிலில் சிலந்தி வலையாகத் தெரிந்துகொண்டிருந்தன. ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் போட்டு, கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டில் ஒரு சுற்று, அதைவிட மென்மையான பாலிஷில் ஒரு சுற்று போனதும் காணோம். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மூடி மறைத்து நம்மை ஏமாற்றும். அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்தும் பார்த்தேன். கீறல்கள் திரும்பி வரவில்லை. குலுங்காமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி பாலிஷர் பிடித்த கார்களில் வெயில் பட்டதும் அலை அலையாக ஓடுமே ஹோலோகிராம், அதுவும் இல்லை.

பயமும் இல்லை. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் அதைவிடக் குறைவு. ரோட்டரியை அங்கே ஒரு கணம் கூடுதலாக வைத்துவிட்டால் சூடேறி பெயின்ட் வரை போய்விடும். டிஏவில் பேட் தாங்கியிருக்கும் ஸ்பிண்டில் மோட்டாரோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. அழுத்தினால் சுழல்வதை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே குலுங்கும், அவ்வளவுதான். அதற்காக அதே இடத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இதுவும் கெடுக்கும். ஆனால் நிதானமாக வேலை செய்கிறவருக்குக் காரைப் பாழாக்குவது கஷ்டம். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் டிஏவையே சொல்கிறார்கள்.

என் தலைவலியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பானெட், கூரை போன்ற சமதளத்தில் பேட் அழகாகச் சுழலும். பம்பர் வளைவு, கதவின் அடிக்கோடு, வீல் ஆர்ச் பக்கம் கொண்டுபோனால் பேட்டின் ஒரு ஓரம் மட்டும் படும், உடனே நின்றுவிடும். பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இது நன்றாகத் தெரியும். கோடு சுற்றிக்கொண்டிருந்தால் கீறல் கரைகிறது. கோடு நின்ற இடத்திலேயே நடுங்கினால் கை வலிக்கிறது, காம்பவுண்ட் காய்கிறது, கீறல் அப்படியே இருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் 5 அங்குல பிளேட்டும் அதற்கேற்ற சின்ன பேடும். பரப்பு குறைந்தால் உராய்வின் பிடியும் குறையும், பேட் எளிதில் சுழலும். மாற்றினேன், சுழல்கிறது. வளைவிலும் கோடு நிற்பதில்லை. அப்புறம் டயலை ஐந்துக்குத் தள்ளியபோதுதான் எந்திரத்தின் சுயரூபம் தெரிந்தது.

8 மி.மீ. த்ரோ என்றால் ஸ்பிண்டில் மையத்திலிருந்து 4 மி.மீ. விலகி வட்டமடிக்கிறது என்று பொருள். விலகிச் சுற்றும் அந்தப் பாரத்தை ஈடுகட்ட உள்ளே, எதிர்ப்பக்கத்தில், ஒரு எடை வைத்திருப்பார்கள். அந்த எடை குறிப்பிட்ட பிளேட்டுக்கும் பேடுக்கும் கணக்குப் போட்டு வைத்தது. என் எந்திரத்தில் அது 6 அங்குலத்துக்கான கணக்கு. பிளேட்டின் எடை மாறினால் சமநிலை போய்விடும். உதறும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டிப்பானால் உதறல் நான்கு மடங்கு. அதனால்தான் மூன்றில் சாதுவாக இருக்கிற எந்திரம் ஐந்தில் கையைப் பிடுங்குகிறது. ஆக, பேட் நிற்காமல் இருக்க வேண்டுமா, கை மரக்காமல் இருக்க வேண்டுமா, ஒன்றைத்தான் கேட்கலாம்.

நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த ரூப்பஸ் பாலிஷரை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். 21 மி.மீ. த்ரோ, என்னுடையதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். நியாயமாகப் பார்த்தால் அதுதான் அதிகம் உதற வேண்டும். வழுக்கிக்கொண்டு போகிறது! விலை உயர்ந்த எந்திரத்தில் நாம் காசு கொடுப்பது மோட்டார் சக்திக்கு என்று நினைத்திருந்தேன். பெரும்பகுதி இந்தச் சமநிலைக்குத்தான் போலிருக்கிறது.

கையேடு இருந்தால் அதில் அதிர்வு மதிப்பு என்று ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தொட்டாலே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 5 என்பது தாண்டக்கூடாத எல்லை. வீட்டில் நாம் எட்டு மணி நேரம் பிடிக்கப்போவதில்லை, சரி. விளம்பரத்தில் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்த எண்ணை எங்கே ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவாவது தேடலாம்.

சமாளிக்கக் கற்ற விதம் இதுதான். தடித்த பேடை ஒதுக்கிவிட்டு மெல்லிய ஃபோம் பேடுக்கு வந்தேன். பாரம் பெயின்ட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆட்டம் கண்கூடாகக் குறைந்தது. ஃபோம் காம்பவுண்டைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். காலையில் அதிராத பேட் மதியம் அதிர்வது அதனால்தான். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்கிறேன், நடுவில் பேடையே மாற்றிவிடுகிறேன். பேடில் விடும் காம்பவுண்ட் சொட்டுகளையும் குறைத்தேன். எந்திரத்தை இறுக்கிப் பிடிக்காமல் அதன் எடையையே வேலை செய்யவிட்டு, டயலை நாலோடு நிறுத்துகிறேன். நேரம் கூடுதலாகிறது, கை பிழைக்கிறது.

பேரிங் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது கொரகொரவென்று சத்தம் வந்தது. விற்ற நிறுவனத்தைக் கேட்டால் பேரிங் தனியாகக் கிடைக்காது, தலைப்பகுதியை முழுதாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். கழற்றினால் உள்ளே இருந்தது சாதாரண சீல்டு பேரிங். எண் அதன் மேலேயே பொறித்திருக்கிறது! அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் விற்கிற எவரும் எடுத்துத் தருவார். கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் புதுப் பேரிங்கும் அன்றைக்கே போய்விடும். கார்பன் பிரஷ் பிரச்சினையே இல்லை, பக்கத்து மூடியைத் திருகினால் வெளியே வந்துவிடும். வயர் குட்டை. டயல் துணி பட்டாலே நகர்கிறது. இவற்றையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால் வாங்கு என்றுதான் வர வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் காத்திருந்து 15 மி.மீ. த்ரோவில் நல்ல சமநிலை உள்ளதாகப் பார், வாங்கும் முன் டயலை ஐந்தில் வைத்துக் கையில் பிடித்துப் பார் என்றேன். அப்படியென்றால் உன்னுடையதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடு என்றார். தர முடியாது. பின்பக்கக் கதவு இரண்டும் டிக்கியும் இன்னும் பாக்கி.