கேட்டுப் பார்ப்பதா, மீறி நிற்பதா?

வேலூர், காட்பாடி பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் அரசுக்கு எப்போது கீழ்ப்படிவது, எப்போது மீறுவது என்ற கேள்வி வந்தால், பைபிளில் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐயும், மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்னும் அப்போஸ்தலர் 5:29-ஐயும் மோதவிட்டுப் பேசுவோம். அதைவிட, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதரான தானியேலின் புத்தகத்தில் இரண்டு அதிகாரங்களை அருகருகே வைத்தால் தெளிவு கிடைக்கிறது.

முதல் அதிகாரத்தில், ராஜபோஜனம் தன்னைத் தீட்டுப்படுத்தும், வேண்டாம் என்று தீர்மானித்த பிறகும் தானியேல் தட்டைத் தள்ளவில்லை. அனுமதி கேட்டார். ராஜாவால் தன் தலை போகுமே என்று அரண்மனை அதிகாரிகளின் தலைவர் பயந்ததும், தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரிப்புக்காரரிடம் போய், 10 நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றார். அதிகாரியின் தலையும் தப்பியது.

ஆறாம் அதிகாரத்தில் பேரத்துக்கே இடமில்லை: 30 நாள் ராஜாவைத் தவிர எந்த தேவனிடமும் மனிதனிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது, மீறினால் சிங்கக் கெபி (குகை) என்பது கட்டளை. அவர் வழக்கம்போல மூன்று வேளை ஜெபித்தார், சிங்கக் கெபிக்கும் போனார். ஆள் திரட்டவில்லை.

நமக்குப் பெரும்பாலும் முதல் வழியே போதும். ஞாயிற்றுக்கிழமை தேர்வா? மனு கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதா? சரி, அணைத்துவிடலாம், மைக் இல்லாமலும் கர்த்தருக்குக் கேட்கும். ஜெபத்தையே விடச் சொன்னால்தான் இரண்டாவது வழி. அப்போதும் மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25-வது பிரிவைக் காட்டி நீதிமன்றம் போகலாம். அப்போஸ்தலர் பவுலும் தன் வழக்கில் இராயனுக்கு (ரோமப் பேரரசருக்கு) அபயமிட்டவர், அதாவது மேல்முறையீடு செய்தவர்தானே.